ரிலே தந்த ஜோசப் ஹென்றி

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

ஹென்றி என்னும் பெயரை இயற்பியல் மாணவர்கள் அனைவரும் அறிவோம். தன்மின்தூண்டல் எண்ணின் அலகு ஹென்றி என்று பள்ளியில் மனப்பாடம் செய்தோம், தேர்வில் எழுதி மதிப்பெண் பெற்றோம், அத்தோடு மறந்தோம். அந்த அலகுக்குப் பின்னே ஒரு மனிதர் வாழ்ந்தார் என்பதை நான் எண்ணிப் பார்த்ததே இல்லை. எண்ண வைத்தது, எங்கள் கடைக்கு வந்த ஒரு பழைய கார்.

என் ஊர் பிள்ளைப்பாக்கம். நெல் விளைந்த வயல்கள் பலவும் இன்று சிப்காட் தொழிற்பேட்டையாகிவிட்டன. திருப்பெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை இரவும் பகலும் லாரிகளின் ஓட்டம்தான். சாலையோரத்தில் என் தந்தையார் வண்டிகளுக்கு வயரிங் வேலை செய்யும் சிறு கடை வைத்திருக்கிறார். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான்தான்.

சென்ற ஆண்டு கோடை விடுமுறையில், ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் தம் தந்தை வாங்கிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரைக் கொண்டு வந்தார். நம் வண்டலூர்ப் பக்கத்தில் 1960-களில் உருவான கார் அது. அந்தத் தொழிற்சாலை மூடப்பட்டு ஒரு தலைமுறைக்கு மேலாயிற்று. காரோ இன்னும் ஓடுகிறது. ஆனால் இரவில் முகப்பு விளக்கு மஞ்சளாய் மங்குகிறது, எதிரே வரும் சைக்கிள் தெரியவில்லை என்றார் ஆசிரியர்.

நான் மல்டிமீட்டரை எடுத்தேன். பேட்டரியில் 12.5 வோல்ட் இருந்தது. விளக்கு எரியும்போது பல்பின் முனையில் 10.4 வோல்ட்தான் இருந்தது. மின்னோட்டம் ஏறக்குறைய எட்டரை ஆம்பியர். அப்படியானால் வழியில் உள்ள மின்தடை கால் ஓம். பேட்டரியிலிருந்து டேஷ்போர்டு சுவிட்சுக்கும், அங்கிருந்து டிப்பர் சுவிட்சுக்கும், பிறகு விளக்குக்குமாக மெல்லிய பழைய ஒயர் சுற்றி வருகிறது; தொடுமுனைகளெல்லாம் கறுத்துப் போயிருந்தன. கால் ஓம்தானே என்று எண்ணக் கூடாது. 18 வாட் வெப்பம் அங்கே வீணாகிறது. இழை பல்பின் ஒளி மின்னழுத்தத்தோடு நேர்விகிதத்தில் குறைவதில்லை. ஏறத்தாழ மூன்றரை மடிப் படியில் குறைகிறது. ஆறில் ஒரு பங்கு வோல்ட் போனால் பாதி வெளிச்சம் போய்விடும்.

இதற்கு மருந்து ரிலே. சுவிட்சு இனி விளக்கின் மின்னோட்டத்தைத் தாங்க வேண்டியதில்லை. ரிலேயின் சுருளுக்கு வேண்டிய 0.15 ஆம்பியர் அளவை மட்டும் தந்தால் போதும். அந்தச் சுருள் காந்தமாகி ஒரு தகட்டை இழுக்கும். தகடு தொட்டதும், பேட்டரியிலிருந்து நேராக வரும் தடித்த ஒயர் வழியே விளக்குக்கு மின்சாரம் பாயும். பழைய ஒயர் 86-ஆம் முனைக்கு, 85 பாடிக்கு, பேட்டரி ஒயர் 30-க்கு, விளக்கு 87-க்கு. ஹை பீமுக்கு ஒன்று, லோ பீமுக்கு ஒன்று என இரண்டு ரிலே. பேட்டரிக்கு அருகிலேயே ஒரு ஃபியூஸ்.

அந்த ஃபியூஸில்தான் நான் தவறினேன். முதலில் ஃபியூஸைப் போடு, பிறகு மற்றதைப் பார் என்றார் அப்பா. கணக்கு தெரிந்தவன் நான், எட்டாம் வகுப்பு படித்தவர் எனக்குச் சொல்வதா என்ற எண்ணம் உள்ளுக்குள் இருந்தது. கடைசியில் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். ஹெரால்டு காரின் முன்பக்கம் முழுதும் ஒரே மூடியாக முன்னோக்கித் திறக்கும். அதை மூடியபோது, நான் சரியாகக் கட்டாத ஒயர் இரும்பு விளிம்பில் நசுங்கி உறை அறுந்தது. புகை கிளம்பியது. நான் திகைத்து நின்றேன். அப்பா ஓடிவந்து மூடியைத் தூக்கி, உருகிக்கொண்டிருந்த ஒயரை ஒரு கையால் ஒதுக்கி, மறு கையால் பேட்டரி முனையைப் பிடுங்கினார். ஒயரின் உறை அவர் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டது.

அவர் என்னைத் திட்டவில்லை. பத்து நாள் அவரால் ஸ்க்ரூ டிரைவர் பிடிக்க முடியவில்லை. அந்தப் பத்து நாளும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல நான் வேலை செய்தேன். கல்லூரி திறந்ததும் நூலகத்தில் ரிலேயின் வரலாற்றைத் தேடினேன். அங்கே எதிர்ப்பட்டவர்தான் ஜோசப் ஹென்றி.

இளமையும் வறுமையும்

ஹென்றி 1797-ஆம் ஆண்டு டிசம்பர் 17-ஆம் நாள் அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து ஆல்பனி நகரில் பிறந்தார். பெற்றோர் ஸ்காட்லாந்திலிருந்து குடியேறிய ஏழைகள். தந்தை கூலித் தொழிலாளி. சிறுவன் ஹென்றி கால்வே என்னும் சிற்றூரில் பாட்டி வீட்டில் வளர்ந்தார். பள்ளி நேரம் போக ஒரு கடையில் வேலை செய்தார். தந்தை இளமையிலேயே மறைந்தார். பதின்மூன்று வயதளவில் ஆல்பனியில் கடிகாரமும் வெள்ளி வேலையும் செய்யும் ஒருவரிடம் தொழில் பழகச் சேர்ந்தார். விரல்களுக்கு நுட்பம் தந்தது அந்தப் பட்டறைதான்.

பதினாறு வயதில், நோயில் படுத்திருந்த வேளையில், எளிய நடையில் எழுதப்பட்ட ஓர் அறிவியல் நூல் கைக்குக் கிடைத்தது. அதுவரை நாடக மேடையில் மோகம் கொண்டிருந்த இளைஞரின் உள்ளம் திசை மாறியது. 1819-இல் ஆல்பனி அகாதெமியில் கட்டணமின்றிச் சேர்த்துக்கொள்ளப்பட்டார். அப்போது வயது இருபத்தொன்று. உடன் படித்தவர்களோ சிறுவர்கள். வயிற்றுப்பாட்டுக்காகப் பிள்ளைகளுக்குத் தனிப்பாடம் சொன்னார். சாலை அளவைப் பணிக்கும் சென்றார். 1826-இல் அதே அகாதெமியில் கணிதமும் இயற்பியலும் கற்பிக்கும் ஆசிரியரானார்.

பட்டு சுற்றிய கம்பி

நாள்தோறும் பல மணி நேரம் வகுப்பு. ஆகஸ்டு மாத விடுமுறையில்தான் வகுப்பறை ஆய்வுக்கூடமாகும். இங்கிலாந்தில் வில்லியம் ஸ்டர்ஜன் 1825-இல் மின்காந்தத்தைக் காட்டியிருந்தார். அவர் வெற்றுக் கம்பியை இரும்பின் மீது தள்ளித் தள்ளிச் சுற்றினார். ஒரு சுற்று மறு சுற்றைத் தொட்டால் மின்னோட்டம் குறுக்கு வழியில் போய்விடுமே! ஹென்றி கம்பிக்கே பட்டு உறை சுற்றினார். உறையிட்ட கம்பியை நெருக்கமாகவும் அடுக்கடுக்காகவும் சுற்ற முடிந்தது. 1831-இல் யேல் கல்லூரிக்காக அவர் செய்து கொடுத்த காந்தம் 2,000 பவுண்டுக்கு மேல், அதாவது 900 கிலோவுக்கு மேல், எடை தூக்கியது. இதைப் படித்தபோது என் கண்முன் நின்றது அப்பாவின் உள்ளங்கை. மின்னியலின் பாதிப் பாடம் கம்பியில் இருக்கிறது. மறு பாதி கம்பியின் உறையில் இருக்கிறது.

அடுத்து, தூரம் பற்றிய சிக்கல். நீண்ட கம்பியில் மின்னோட்டம் தேய்ந்துவிடும்; தொலைவில் உள்ள காந்தம் அசையாது. ஹெரால்டு காரின் விளக்கு நோயும் இதுதான். ஜெர்மனியின் ஓம் 1827-இல் வெளியிட்ட விதி ஹென்றிக்கு அப்போது எட்டவில்லை. ஆனாலும் தம் கைச்சோதனையாலேயே அவர் வழி கண்டார். பல கலங்களைத் தொடராக இணைத்த பேட்டரியும், ஒரே நீண்ட கம்பியை மிகப் பல சுற்றுகளாகச் சுற்றிய காந்தமும் தொலைவுக்கு ஏற்றவை. பல குறுங்கம்பிகளைத் தனித்தனியே சுற்றிய காந்தம் அருகிலிருந்து பேரெடை தூக்க ஏற்றது. 1831-இல் ஒரு மைலுக்கு மேற்பட்ட கம்பியை அறைச் சுவரைச் சுற்றி ஓட விட்டு, மறுமுனையில் மணி அடிக்கச் செய்தார்.

பட்டமில்லாப் பேராசிரியர்

காந்தத்திலிருந்து மின்சாரம் பெறலாம் என்பதை ஹென்றி தாமாகவே கண்டிருந்தார். வேலைச்சுமையால் எழுதி வெளியிடத் தாமதித்தார். அதற்குள் ஃபாரடேயின் 1831-ஆம் ஆண்டுச் சோதனை உலகறிந்தது. முதன்மை ஃபாரடேக்கே உரியது. ஹென்றி அதற்கு வழக்காடவில்லை. ஆனால் 1832-இல் அவர் வெளியிட்ட கட்டுரையில், ஒரு சுருளில் மின்னோட்டம் அறும்போது அச்சுருளிலேயே மின்சாரம் தூண்டப்படுகிறது என்னும் புதிய உண்மையும் இருந்தது. அதுவே தன்மின்தூண்டல். ஃபாரடேயும் ஏழை வீட்டுப் பிள்ளை, புத்தகம் கட்டும் தொழில் பழகியவர் என்பதை இங்கே நினைவு கூர்வது பொருந்தும்.

அதே 1832-இல் பிரின்ஸ்டன் கல்லூரி அவரைப் பேராசிரியராக அழைத்தது. தாம் எந்தக் கல்லூரியிலும் பட்டம் பெற்றவரல்லர் என்பது தெரிந்துதான் அழைக்கிறார்களா என்று ஹென்றி கூச்சத்தோடு கேட்டு எழுதினார். தெரிந்துதான் அழைத்தார்கள். அங்கே 1835 அளவில் அவர் மாணவர்களுக்குக் காட்டிய சோதனை இது: பெரிய காந்தம் ஒன்று பேரெடையைத் தூக்கி நிற்கும். தொலைவிலிருந்து நீண்ட கம்பி வழியே வரும் வலுக்குன்றிய மின்னோட்டம் ஒரு சிறு காந்தத்தை மட்டும் அசைக்கும். அந்தச் சிறு காந்தம், பெரிய காந்தத்தின் சுற்றில் பாதரசக் கிண்ணத்தில் தோய்ந்திருக்கும் கம்பியை உயர்த்திச் சுற்றை அறுக்கும். எடை தடாலென விழும். மெல்லிய மின்னோட்டம் வலிய மின்னோட்டத்தை ஆளும் அந்த ஏற்பாடுதான் ரிலே. இன்று தீப்பெட்டியிலும் சிறிய டப்பாவாக எங்கள் கடை அலமாரியில் இருக்கிறது.

ஹென்றி எதற்கும் காப்புரிமை பெறவில்லை. அறிவு அனைவருக்கும் பொது என்று எண்ணினார். தந்திக்குக் காப்புரிமை பெற்ற சாமுவேல் மோர்சுக்கு ஐயம் எழுந்தபோதெல்லாம் விளக்கம் தந்தார். 1844-இல் வாஷிங்டனிலிருந்து பால்டிமோருக்குத் தந்தி ஓடியது. பின்னர் வழக்குகள் எழுந்தன. சாட்சியத்தில் ஹென்றி உண்மையை உள்ளபடி சொன்னார். மோர்ஸ் 1855-இல் அவரைத் தாக்கி எழுதினார். விசாரணைக் குழு ஆராய்ந்து ஹென்றியின் பக்கமே நியாயம் என்றது.

விளக்குகளின் காவலர்

1846-இல் வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் முதல் செயலாளராகப் பொறுப்பேற்று, இறுதி வரை அங்கே பணியாற்றினார். தந்தி மூலம் பல ஊர்களின் வானிலைச் செய்திகளைத் திரட்டும் முறையைத் தொடங்கினார். 1865-இல் நிறுவனக் கட்டடத்தில் பற்றிய தீயில் அவருடைய கடிதங்களும் குறிப்புகளும் பெரும்பகுதி எரிந்தன.

1852 முதல் கலங்கரை விளக்க வாரியத்தில் உறுப்பினராகவும், 1871 முதல் தலைவராகவும் இருந்தார். திமிங்கில எண்ணெயின் விலை ஏறியபோது, பன்றிக் கொழுப்பு எண்ணெயைத் தக்க வெப்பத்தில் எரித்தால் நல்ல ஒளி தரும் என்று சோதித்துக் காட்டினார். இருளில் எதிரே இருப்பதைப் பார்க்க முடியாதவரின் அச்சத்தைப் போக்க உழைத்த மனிதர் அவர்.

அவர் குறையற்றவரா? இல்லை. அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்து பெரும் பேச்சாளரான பிரடெரிக் டக்ளஸ் 1862-இல் ஸ்மித்சோனியன் அரங்கில் பேச ஏற்பாடானபோது, கறுப்பினத்தவர் என்பதால் ஹென்றி இடம் தர மறுத்தார். இத்தனைக்கும் பிரின்ஸ்டனில் அவருடைய சோதனைகளுக்குக் கை கொடுத்த உதவியாளர் சாம் பார்க்கர் ஒரு கறுப்பினத்தவரே. தமக்குத் திறந்த கதவைப் பிறருக்கு மூடினார் என்பதை மறைத்து எழுத என் மனம் ஒப்பவில்லை. படித்தவன் என்ற செருக்கில், அருகில் நின்றவர் சொன்னதைத் தள்ளியவன் நானும்தானே!

1878-ஆம் ஆண்டு மே 13-ஆம் நாள் ஹென்றி மறைந்தார். குடியரசுத் தலைவர் ஹேய்ஸ் இறுதிச் சடங்கில் கலந்துகொண்டார். 1893-இல் சிகாகோவில் கூடிய மின்னியலாளர் மாநாடு அவர் பெயரை அலகாக்கியது.

ஹெரால்டு காருக்குப் பிறகு ஃபியூஸ் போட்டோம். ஒயருக்கு உறைக்குழாய் போட்டுக் கட்டினோம். பல்பின் முனையில் 12.1 வோல்ட் வந்தது. வாட் கூடிய பல்பு போடவில்லை. எதிரே வருபவர் கண் கூசக் கூடாது என்பதில் அப்பா உறுதியாக இருந்தார். ஆசிரியர் அன்றிரவே ஒரகடம் சாலையில் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, சைக்கிளின் பின் ஒட்டிய சிவப்பு வில்லைகூடத் தெரிகிறது என்றார். அப்பா கட்டுப் போட்ட கையைத் தூக்கிச் சிரித்தார்.

நண்பர்களே, நம்மில் பலர் நம் வீட்டின் முதல் பட்டதாரிகள். பட்டறையில் பழகிய கையே ஹென்றியை ஆய்வுக்கூடத்துக்கு அழைத்துச் சென்றது. நம் வீட்டிலும் அத்தகைய கைகள் இருக்கின்றன. புத்தகத்தை மூடிவிட்டு ஒரு நாள் அவற்றின் அருகில் அமர்வோம். அவர்கள் சொல்வதைக் கேட்போம்.