வில்லியம் லாம்டன்

ஒருவர் கண்டதை மற்றையோர் ஏன் மெய்யெனக் கொள்ளல் வேண்டும்? இவ்வினா பதினேழாம் நூற்றாண்டின் ஐரோப்பியத் தத்துவ ஞானிகளைப் பெரிதும் ஆட்கொண்டது. மனித மனம் இயல்பிலேயே பிழைபடுவது. முறையான சோதனையும் பலர் கூட்டுறவுமே அதனைத் திருத்தும் என்பது பேக்கன் (1561–1626) கொள்கை. அக்கொள்கைக்கு மலைமுடிகளின்மீது சான்று காட்டிய ஒருவரின் சரிதத்தை ஈண்டுச் சுருங்க உரைப்போம்.

லாம்டன் இங்கிலாந்தில் யார்க்ஷயரைச் சேர்ந்தவர். எளிய குடியிற் பிறந்து, போர்வீரராய் இந்தியா வந்தார். 1799-ஆம் ஆண்டில் திப்பு சுல்தான்மேற் சென்ற ஆங்கிலச் சேனை நம் இராயக்கோட்டை வழியே மைசூர் நாட்டிற் புகுந்தது. அப்போரில் ஓரிரவு, ஒரு படைப்பிரிவு திசை தவறிப் பகைவரிருந்த பக்கம் நோக்கிச் செல்வதை லாம்டன் விண்மீன்களால் உணர்ந்து தளபதிக்கு அறிவித்தார். தளபதி அதனை முதலில் ஏற்றிலர். திசைகாட்டும் கருவியும் அதனையே உணர்த்தவே படை திரும்பிற்று. பதவிக்கும் விண்மீனுக்கும் நேர்ந்த வழக்கில் விண்மீனே வென்றது.

1802-ஆம் ஆண்டில் அவர் சென்னைப் பரங்கிமலையருகே ஓர் அடிக்கோட்டைச் சங்கிலியால் அளந்து, அதனின்று குன்றுக்குக் குன்று முக்கோணங்களை அமைத்து மேற்கே சென்றார். அதற்கெனச் சீமையிலிருந்து வந்த அரை டன் எடையுள்ள கோணமானியைப் பிரெஞ்சுக்காரர் கடலிற் கைப்பற்றினர். ஆயினும், சாஸ்திரம் எல்லார்க்கும் பொதுவென மதித்துச் சென்னைக்கே அனுப்பினர். 1804-ஆம் ஆண்டில் பெங்களூரருகே 7 மைலுக்கு மேற்பட்ட மற்றோர் அடிக்கோடு அளக்கப்பட்டது. கணக்கினாற் பெற்ற நீளத்திற்கும் சங்கிலி காட்டிய நீளத்திற்கும் வேற்றுமை 4 அங்குலத்திற்கும் குறைவு! தம் கணக்கைத் தாமே ஐயுற்றுச் சோதித்த அப்பண்பே அவரது பெருமை.

1808-ஆம் ஆண்டில் தஞ்சைக் கோபுரத்தில் ஏற்றுகையில் அக்கோணமானி மோதிச் சிதைந்தது. லாம்டன் பிறரைக் கடியாது, கூடாரத்துள் ஆறு வாரம் இருந்து தம் கையாலேயே அதனைச் செப்பனிட்டார். 1823-ஆம் ஆண்டு ஜனவரி 20-ஆம் நாள், பணியிடையே, ஹிங்கன்காட்டில் உயிர் நீத்தார்.

குறையையும் மறைத்தல் தகாது. அவ்வளவை அயலாட்சிக்கும் துணை நின்றது. கருவி சுமந்தும் கொடி பிடித்தும் உழைத்த நம்மவர் பலரின் பெயர்கள் ஏட்டில் ஏறவில்லை. பலர் கூடி ஈட்டிய அறிவைச் சிலர் பெயரால் வழங்குதல் நீதியாகுமோ?

இன்று ஓசூருக்கு அப்பால் மாநில எல்லை குறுக்கிடுகின்றது, மொழியும் மாறுகின்றது. ஆயின் இருபுறத்துத் தொழிற்சாலைகளிலும் அளவுகோல் ஒன்றே. ஆளுக்கு ஆள் மாறாத அம்மெய்யைப் போற்றும் நாம், அதனைத் தேடி உழைத்த பெயரறியாரையும் நினைவோமாக.