ஒரே மையில் மனிதர்களைக் கீறிய கோயா

போர் ஓவியம் என்றால் நெருப்பும் இரத்தச் சிவப்பும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். பிரான்சிஸ்கோ கோயாவின் சித்திரக் கொப்பிகளைப் பார்த்தபின் அந்த எண்ணம் போய்விட்டது. அவற்றில் பெரும்பாலும் இருப்பது தண்ணீரில் கரைத்த மை. சிலவற்றில் கறுப்பு, சிலவற்றில் கபிலம்.

1746 இல் ஸ்பெயினின் ஒரு சிறு கிராமத்தில் பிறந்த கோயா, அரண்மனை ஓவியராக உயர்ந்தவர். 1793 அளவில் கடும் நோயொன்று அவரைச் செவிடாக்கியது. 1796 முதல் தனக்கென்று கொப்பிகளில் தூரிகையால் மனிதர்களை வரையத் தொடங்கினார். தண்ணீர் கூடினால் மை வெளிர் சாம்பலாகும், குறைந்தால் இருளும். வெளிச்சம் வேண்டிய இடத்தில் தாளை வெறுமையாக விட்டுவிடுவார். பெரும்பாலும் வீடில்லை, மரமில்லை. காலடியில் ஒரு நிழல் மட்டும். அந்த நிழல்தான் அந்த மனிதரை நிலத்தில் நிறுத்துகிறது.

1808 இல் நெப்போலியனின் படைகள் ஸ்பெயினைப் பிடித்தன. முற்றுகைக்குள்ளான சரகோசாவின் இடிபாடுகளைக் கோயா நேரில் போய்ப் பார்த்தார். 1811-12 இல் மாட்ரிட்டில் பஞ்சம். செப்புத் தகடுகளில் போரைச் செதுக்கினார். தகடு தட்டுப்பாடானபோது தன் பழைய நிலக்காட்சித் தகடுகளையே வெட்டிப் பயன்படுத்தினார். பிரெஞ்சுப் படையினரின் கொலைகளோடு தன் சொந்த மக்கள் செய்த கொலைகளும் அவற்றில் உள்ளன. அதேவேளை, ஆக்கிரமிப்பு அரசிடம் அவர் விருதும் பெற்றவர். போர் முடிந்ததும் அதற்காக விசாரணையை எதிர்கொண்டார். இதை மறைத்து அவரை வீரராக்க எனக்கு மனமில்லை.

1814 இல் திரும்பிய மன்னர் ஏழாம் பெர்டினாண்ட், மதவிசாரணை மன்றத்தையும் மீண்டும் நிறுவினார். அந்த மன்றத்தின் கைதிகளைக் கோயா ஒரு கொப்பியில் வரிசையாக வரைந்தார்: கூம்புத் தொப்பி, குனிந்த தலை. பலரின் படத்தோடு தண்டனைக்கான காரணத்தையும் எழுதினார். ஒருவருக்குப் பிறந்த இடம் குற்றம், இன்னொருவருக்குப் பேசிய விதம். அந்த இரண்டு தாள்களையும் என்னால் வேகமாகக் கடந்துபோக முடியவில்லை.

இவற்றில் எதையும் அவர் வெளியிடவில்லை. 1824 இல் பிரான்சுக்குப் போய், 1828 இல் போர்தோ நகரில் இறந்தார். போர்ச் சித்திரங்கள் 1863 இல்தான் அச்சாகின. கைதிகளின் கொப்பியில் பெரும்பகுதி இன்று மாட்ரிட்டின் பிராடோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது.