பெயரை மறைத்து வாழ்ந்த பெருவீரர்

தில்லியில் பயிலும் நாம் சாந்தினி சௌக்கில் எத்தனையோ முறை நடந்திருக்கிறோம். அத்தெருவில் 1912-ஆம் ஆண்டு டிசம்பர் 23-ஆம் நாள் வெடித்த குண்டையும், அதற்குத் திட்டம் வகுத்த ராஷ் பிகாரி போசையும் நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்? அவர் வாழ்க்கையைப் படித்தபோது என் உள்ளத்தில் ஒரு கேள்வி எழுந்தது. அதனை உங்கள்முன் வைக்கின்றேன்.

1886-இல் வங்கத்தில் பிறந்த போசு, டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் தலைமை எழுத்தர். வெளியே அரசாங்க ஊழியர், உள்ளே புரட்சிக்காரர். புதிய தலைநகருக்குள் வைசிராய் ஹார்டிஞ்சு யானைமேல் ஊர்வலம் வந்தபோது குண்டு வீசப்பட்டது. வைசிராய் காயத்தோடு பிழைத்தார்; அவருக்குக் குடை பிடித்த பணியாள் மாண்டார். அந்த ஏழையின் சாவை நாம் மறந்துவிடலாகாது. அரசு அஞ்சியதற்குக் காரணம் இருந்தது என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஒற்றர்கள் நாடெங்கும் துருவினர். அமீர் சந்து, அவத் பிகாரி, பால் முகுந்து, வசந்த குமார் விசுவாசு ஆகிய நால்வரும் 1915-இல் தூக்கிலேறினர். போசின் தலைக்குப் பரிசு அறிவிக்கப்பட்டது. ஆனால் அவரோ, கவிஞர் தாகூரின் உறவினர் என்று சொல்லிக்கொண்டு, பி. என். தாகூர் என்னும் பெயரில் அதே ஆண்டு மே மாதம் கல்கத்தாவில் கப்பலேறி ஜப்பான் சேர்ந்தார்!

அங்கும் ஆங்கிலேயரின் கை நீண்டது. அவர்களுடைய வற்புறுத்தலால் ஜப்பானிய அரசு அவரை வெளியேற ஆணையிட்டது. தோக்கியோவில் நாகமுராயா என்னும் ரொட்டிக் கடையை நடத்திய சோமா குடும்பத்தார் அவரை ஒளித்துக் காத்தனர். அக்குடும்பத்து மகள் தோசிகோவை 1918-இல் மணந்தார். 1923-இல் ஜப்பானியக் குடிமகனானார். இரண்டே ஆண்டில் மனைவியை இழந்தார். 1943 சூலையில் சிங்கப்பூரில் இந்திய விடுதலைக் கழகத்தின் தலைமையைச் சுபாசு சந்திர போசிடம் ஒப்படைத்தார். அப்போது மலாயாத் தோட்டங்களில் உழைத்த தமிழர் பலரும் அவ்வியக்கத்தில் சேர்ந்தனர். 1945 சனவரி 21-இல் தோக்கியோவில் காலமானார். விடுதலை பெற்ற தாயகத்தைக் காண அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

என் கேள்வி இதுதான். போசைப் போன்றோரை ஒடுக்கவென்று 1915-இல் இந்தியப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. போசு அகப்படவில்லை, விசாரணையின்றி அடைக்கப்பட்டவர்களோ மிகப் பலர். போர் முடிந்த பின்னும் அந்த அதிகாரத்தை விட மனமில்லாமல் 1919-இல் ரௌலட் சட்டம் கொண்டுவந்தனர். நாட்டின் பாதுகாப்புக்கென்று விரித்த வலை, தேடியவரை விட்டுவிட்டு ஊராரைப் பிடிப்பது ஏன்?

இன்று நம்மை ஆள்வது நம் அரசு. 2017-இல் இத்தில்லி மாநகரில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள், அந்தரங்கம் குடிமக்களின் அடிப்படை உரிமை என ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். அரசு அதில் தலையிட வேண்டுமானால் சட்டம் வேண்டும், தக்க நோக்கம் வேண்டும், அளவும் வேண்டும் என்பது அத்தீர்ப்பின் சாரம். நண்பர்களே, நம் பெயரும் முகவரியும் எவர் கையில், எதற்காக இருக்கின்றன என்று கேட்பது தேசத் துரோகம் அன்று. குடிமகனின் கடமை அது.