பிரித்துப் போட்ட மனுஷன்

ஒரு பழைய காரின் சீட்டை நீங்க எப்பவாவது பிரிச்சுப் பார்த்திருக்கீங்களா? மேலே ரெக்சின், அதுக்குக் கீழே பஞ்சு, அப்புறம் தென்னை நார், கடைசியில் துருப்பிடித்த ஸ்பிரிங். ஓசூரில் என் நண்பன் வீட்டு ஷெட்டில் அவன் தாத்தாவோட பிரீமியர் பத்மினி நிற்கிறது. போன செமஸ்டர் லீவில் அதன் உள்பக்கத்தைப் புதுசாக்கலாம் என்று இறங்கினோம். கதவு அட்டை, ரூஃப் துணி, தரை மேட் எல்லாவற்றையும் ஒரே மதியத்தில் கழற்றியாச்சு. திரும்ப மாட்டும்போது கையில் 11 கிளிப் மிச்சம். குஷன் கடை அண்ணன் வந்து பார்த்துவிட்டு, தமிழும் கன்னடமும் கலந்து திட்டினார். கழற்றும்போதே எது எங்கே இருந்தது என்று குறித்து வைக்கணுமாம்.

அன்னிக்கு எனக்கு ஞாபகம் வந்தவர் ஜி.டி.நாயுடு. போட்டோ எடுத்து வைக்க போன் இல்லாத காலத்தில், யாரும் சொல்லிக் கொடுக்காமல், ஒரு முழு வண்டியைப் பிரித்துத் திரும்பச் சேர்த்தவர்.

கோபால்சாமி துரைசாமி நாயுடு 1893-இல் கோயம்புத்தூர் பக்கம் கலங்கல் கிராமத்தில் பிறந்தார். விவசாயக் குடும்பம். படிப்பு ஆரம்பப் பள்ளியோடு நின்றுவிட்டது. அந்தப் பக்கம் வந்த ஒரு வெள்ளைக்கார அதிகாரி ஓட்டி வந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிள்தான் அவரை மாற்றியது. மாடும் இல்லாமல் குதிரையும் இல்லாமல் ஒரு வண்டி தானாக ஓடுவதை முதன்முதலாகப் பார்க்கும் ஒரு கிராமத்துப் பையனை நினைச்சுப் பாருங்க. கோயம்புத்தூருக்குப் போய், ஹோட்டலில் சர்வராக வேலை செய்து, வருஷக்கணக்கில் காசு சேர்த்து, கடைசியில் அதே வண்டியை 300 ரூபாய்க்கு வாங்கிவிட்டார்.

வாங்கினதும் என்ன செய்திருப்பார்? நாமளா இருந்தா ஊரெல்லாம் ஒரு ரவுண்டு. அவர் நட்டு நட்டாகக் கழற்றினார். இன்ஜின் எப்படி வேலை செய்கிறது என்று அப்படித்தான் கற்றுக்கொண்டார். எனக்கு இந்த இடம்தான் அவர் வாழ்க்கையிலேயே ரொம்பப் பிடிக்கும். மூணு வருஷ சம்பளத்தைத் தரையில் பரப்பி வைக்க ஒரு தைரியம் வேணும். திரும்பச் சேராமல் போயிருந்தால் எல்லாம் போச்சு.

அப்புறம் நடந்தது பலருக்குத் தெரியும், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ராபர்ட் ஸ்டேன்ஸ் என்ற ஆங்கிலேயத் தொழிலதிபர் கடன் கொடுத்து உதவ, 1920-இல் ஒரு பஸ் வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே தானே ஓட்டினார். அந்த ஒரு பஸ் வளர்ந்து யு.எம்.எஸ். என்ற பெரிய பஸ் கம்பெனி ஆனது. 1937-இல் பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து இந்தியாவிலேயே செய்த மின்மோட்டாரை வெளியே கொண்டுவந்தார். பேட்டரியில் ஓடும் சவரக் கருவி, மலிவு விலை ரேடியோ என்று பட்டியல் நீளும். 1952-இல் இரண்டு பேர் உட்காரும் ஒரு சின்ன பெட்ரோல் கார், விலை 2,000 ரூபாய். அரசாங்க அனுமதி கிடைக்கவில்லை, அதோடு நின்றுவிட்டது. கார் பாகம் செய்யும் கம்பெனிகள் நிறைந்த ஊரில் உட்கார்ந்து இதைப் படிக்கும்போது வயிறு எரியத்தான் செய்கிறது.

கோபமும் அவரிடம் நிறைய இருந்தது. வரி அதிகம் என்று எதிர்த்து, தன் பொருட்களைத் தானே ஜனங்கள் முன்னாடி உடைத்துப் போட்டார். சேர்க்கத் தெரிந்த கை உடைத்ததை என்னால் இன்னும் ஏற்க முடியவில்லை.

நமக்கு நேராக வந்து இடிப்பது அவருடைய காலேஜ் கதை. 1945-இல் கோயம்புத்தூரில் ஆர்தர் ஹோப் பெயரில் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் வருவதற்குக் காரணமே நாயுடுதான். அப்போது சென்னை மாகாண கவர்னராக இருந்தவர் ஹோப். அதே கல்லூரிதான் இன்றைய ஜி.சி.டி. முதல்வராகவும் நாயுடுவே இருந்தார். ஆனால் பொறியியலுக்கு நாலு வருஷம் வீண், அதைவிட ரொம்பக் குறைந்த காலத்தில் கற்றுத்தர முடியும் என்று பிடிவாதம் பிடித்தார். அரசு ஒத்துக்கொள்ளவில்லை. பதவியை விட்டுவிட்டார்.

நாலாவது வருஷத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிற எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றுதான் இருக்கிறது. முழுசாக ஒத்துக்கொள்ளவும் மாட்டேன். தெர்மோடைனமிக்ஸை ஸ்பேனரால் மட்டும் படிக்க முடியாது. ஆனால் ஐ.சி. இன்ஜின் பேப்பரில் நல்ல மார்க் வாங்கிய என் கையில்தான் 11 கிளிப் மிஞ்சியது, அதையும் சொல்லணும் இல்லையா?

நாயுடு 1974 ஜனவரி 4 அன்று காலமானார். கோயம்புத்தூர் அவினாசி ரோட்டில் அவர் பெயரில் காட்சியகம் இருக்கிறது. 2015-இல் அவர் குடும்பத்தார் அங்கே பழைய கார்களுக்கென்றே ஒரு மியூசியமும் திறந்தார்கள். அதே ரோட்டு மேம்பாலத்துக்கு 2025-இல் அவர் பெயரை வைத்தார்கள். ஹோப் காலேஜ் ஸ்டாப்பைத் தாண்டித்தான் அது போகிறது.

கிருஷ்ணகிரி, சேலம் வழியாக கோவை போனால் ஒரு எட்டு பார்த்துட்டு வாங்க. வெளி பெயிண்டோடு செல்ஃபி எடுத்துட்டு நகர்ந்துடாதீங்க. கொஞ்சம் குனிந்து கண்ணாடி வழியாக உள்ளே பாருங்க: சீட் தையல், கதவு கைப்பிடி, டேஷ்போர்டு.

நம்ம பத்மினியில் எட்டு கிளிப்புக்கு இடம் கிடைத்துவிட்டது. மீதி மூணு என் மேஜை மேல்தான் கிடக்கிறது.