லாஸ்பேட்டைக்கும் ஸ்காட்லாந்துக்கும் என்ன தொடர்பு? இடிந்த புதுச்சேரியை மீட்டெடுத்த கவர்னர் ழான் லாவின் கதை

புதுச்சேரியில் விமானம் இறங்கும் இடம் லாஸ்பேட்டை. தாகூர் கலைக் கல்லூரி இருப்பதும் அங்கேதான். ஆங்கிலத்தில் எழுதியிருக்கும் ஊர்ப் பெயரைப் பார்த்துவிட்டு, சட்டம், கோர்ட்டு சம்பந்தப்பட்ட ஏரியா போல என்று நினைக்கிற வெளியூர்க்காரர்கள் உண்டு. ஆனா அரசு சட்டக் கல்லூரி இருப்பது காலாப்பட்டில். லாஸ்பேட்டையில் இருக்கும் 'லா' சட்டம் இல்லை, ஒரு குடும்பப் பெயர். அதுவும் பிரெஞ்சுப் பெயர் கிடையாது, ஸ்காட்லாந்துப் பெயர்.

அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் ழான் லா த லோரிஸ்தோன். 1765-ல் தரைமட்டமாகக் கிடந்த புதுச்சேரியைப் பொறுப்பேற்று, மறுபடி ஊராக்கிய கவர்னர். பிரெஞ்சுக் கவர்னருக்கு ஸ்காட்லாந்துப் பெயர் எப்படி வந்தது? பெயருக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் 'லோரிஸ்தோன்' பரம்பரைப் பிரபுக்களின் பட்டமா? விரிவாகப் பார்க்கலாம்.

குன்றும் கோட்டையும்

ஸ்காட்லாந்துப் பேச்சு வழக்கில் 'லா' என்றால் குன்று. டண்டீ நகரத்தின் நடுவே நிற்கும் குன்றுக்கு இன்றும் 'டண்டீ லா' என்றுதான் பெயர். ஊர்ப் பெயரும் நிலப் பெயரும் குடும்பப் பெயராவது நம்ம ஊரிலும் நடப்பதுதானே.

இந்தக் குடும்பத்தின் கதை எடின்பரோவில் தொடங்குகிறது. அங்கே வில்லியம் லா என்று ஒரு பொற்கொல்லர் இருந்தார். அந்தக் காலத்துப் பொற்கொல்லர்கள் நகை மட்டும் செய்யவில்லை. வட்டிக்குக் கடன் கொடுத்தார்கள், மற்றவர்களின் பணத்தைப் பாதுகாத்தார்கள். கிட்டத்தட்ட வங்கி வேலை. அதில் சேர்ந்த பணத்தை வைத்து 1683-ல் எடின்பரோவுக்கு அருகே ஒரு கோட்டை வீட்டையும் நிலத்தையும் வாங்கினார். அதன் பெயர் லாரிஸ்டன். லாரன்ஸ் என்பவரின் ஊர் என்று அர்த்தம். பிரெஞ்சு உச்சரிப்பில் அதுவே லோரிஸ்தோன்.

அந்தக் கோட்டை வீட்டுக்கு வேறொரு பெருமையும் உண்டு. பள்ளிக் கணக்கில் நாம படிக்கிற மடக்கையைக் கண்டுபிடித்த ஜான் நேப்பியரின் அப்பா ஆர்ச்சிபால்ட் நேப்பியர், 1590-களின் வாக்கில் கட்டிய வீடு அது. அதாவது லோரிஸ்தோன் என்ற பெயர் லா குடும்பத்துக்கு ரத்தத்தில் வந்ததில்லை, கிரயத்தில் வந்தது.

பாரிஸைக் கவிழ்த்த பெரியப்பா

பொற்கொல்லரின் மூத்த மகன் ஜான் லா, 1671-ல் பிறந்தவர். கணக்கில் புலி, சூதாட்டத்திலும் புலி. 1694-ல் லண்டனில் வாள் சண்டையில் ஒருவரைக் கொன்று மரண தண்டனை பெற்றார். சிறையிலிருந்து தப்பி ஐரோப்பா முழுக்கச் சுற்றினார்.

1716-ல் பாரிஸில் ஒரு வங்கி தொடங்கி, தங்கம் வெள்ளிக்குப் பதிலாகக் காகிதப் பணத்தைப் புழக்கத்தில் விட்டார். அமெரிக்காவின் மிசிசிப்பிப் பகுதி வர்த்தகத்துக்கு ஒரு கம்பெனி ஆரம்பித்தார். 1719-ல் அந்தக் கம்பெனியோடு பிரெஞ்சு கிழக்கிந்தியக் கம்பெனியையும் இணைத்தார். அதன்படி, 1674 முதல் பிரெஞ்சுக்காரர்கள் தங்கியிருந்த புதுச்சேரியும் ஜான் லாவின் கம்பெனிக் கணக்குக்குள் வந்தது. புதுச்சேரியை ஒருமுறைகூடப் பார்க்காமலே அதன் தலையெழுத்தில் கை வைத்தவர் அவர்.

500 லீவ்ர் முகமதிப்புள்ள பங்கு 1719 இறுதிக்குள் 10,000 லீவ்ர் வரை எகிறியது. மில்லியனர் என்ற சொல்லே அந்த மோகத்தில் பரவியதுதான். 1720 ஜனவரியில் ஜான் லா பிரான்ஸின் நிதித் தலைமை அதிகாரி. அதே வருடம் எல்லாம் சரிந்தது. காகிதத்தைக் கொடுத்து நாணயம் கேட்டு வந்த கூட்டம் வங்கி வாசலில் முட்டி மோதியது. டிசம்பரில் அவர் நாட்டை விட்டே ஓடினார். 1729-ல் வெனிஸ் நகரில் இறந்தார்.

மாட்டிக்கொண்டது தம்பி வில்லியம். அண்ணனோடு கம்பெனி வேலை பார்த்தவர் பாரிஸில் சிறைக்குப் போனார். அவருடைய மகன்தான் நம்ம ழான் லா. பிறந்தது 1719 அக்டோபர் 5. பெரியப்பா உச்சத்தில் இருந்த வருடத்தில் பிறந்த குழந்தை, பேச்சு வரும் வயதில் பிரான்ஸே திட்டுகிற பெயரோடு வளர வேண்டியிருந்தது.

வங்காளத்தில் பிந்திப்போன உதவி

அந்தப் பெயரோடு பாரிஸில் தலை நிமிர்வது கஷ்டம். ழானும் தம்பி ஜாக்கும் பெரியப்பா உருவாக்கிய அதே கம்பெனியில் சேர்ந்து இந்தியாவுக்கு வந்தார்கள்.

தம்பியின் பெயர் தமிழ்நாட்டு வரலாற்றில் தோல்வியோடு ஒட்டிக்கொண்டது. திருச்சி முற்றுகையில் பிரெஞ்சுப் படைக்குத் தலைமை ஏற்றிருந்த ஜாக் லா, 1752 ஜூனில் ஸ்ரீரங்கத்தில் ஆங்கிலேயரிடம் சரணடைந்தார். கூட்டாளியான சந்தா சாகிப் தலையை இழந்தார். டூப்ளேவின் கனவு நொறுங்கத் தொடங்கிய இடம் அதுதான்.

அண்ணன் ழான் லா வங்காளத்தில், முர்ஷிதாபாத்துக்கு அருகே காசிம்பஜாரில் பிரெஞ்சு வணிக நிலையத்தின் தலைவர். 1757 மார்ச்சில் சந்தர்நகரை ஆங்கிலேயர் பிடித்தபோது, தப்பி வந்த வீரர்கள் இவரிடம் சேர்ந்தார்கள். நவாப் சிராஜ் உத் தௌலாவைச் சுற்றிச் சதி நடக்கிறது என்று ழான் எச்சரித்தார். ஆங்கிலேயரின் நெருக்கடிக்குப் பணிந்த நவாப், அவரையே பாட்னா பக்கம் அனுப்பிவிட்டார்.

ஜூன் 23-ம் தேதி பிளாசிப் போர். தோற்ற நவாப் பாட்னா திசையில் ஓடினார். உதவிக்கு ழான் லாவும் ராஜ்மஹால் நோக்கி வந்துகொண்டிருந்தார். அவர் நெருங்குவதற்குள் நவாப் பிடிபட்டுவிட்டார். சில நாட்களில் கொல்லப்பட்டார்.

அதன்பின் சுமார் நான்கு ஆண்டுகள் ஒரு சின்னப் படையோடு வட இந்தியாவில் அலைந்தார் ழான் லா. முகலாயப் பேரரசர் இரண்டாம் ஷா ஆலம் பக்கம் நின்றவர், 1761 ஜனவரி 15-ல் பீகாரில் கடைசிப் போரைச் சந்தித்தார். படை சிதறிய பிறகும் ஓடாமல் ஒரு பீரங்கியின் மேல் உட்கார்ந்திருந்தார். வாளைக் கொடுக்க முடியாது, வாளோடுதான் கைதாவேன் என்று நின்றார். ஆங்கிலேயத் தளபதி கர்னாக் சம்மதித்தார். முகலாய வரலாற்றாசிரியர் குலாம் உசேன் இந்தக் காட்சியை வியப்போடு பதிவு செய்திருக்கிறார்.

இடிந்த ஊருக்கு வந்த கவர்னர்

அதே ஜனவரி நடுவில்தான் புதுச்சேரியும் விழுந்தது. பல மாத முற்றுகையில் ஊரில் சோறு தீர்ந்துபோனது. தமிழ்க் குடிகளைக் கோட்டைக்கு வெளியே விரட்டினார் தளபதி லாலி. ஆங்கிலேயப் படை அவர்களைத் தாண்டிப் போகவிடவில்லை. இரண்டு பக்கத்துக்கும் நடுவில் பட்டினியில் மாட்டிக்கொண்டவர்கள் சாதாரண ஜனங்கள். ஊரின் கதையை நாட்குறிப்பாக எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை இறந்ததும் அந்த ஜனவரியில்தான்.

கடலூர் புனித டேவிட் கோட்டையை 1758-ல் லாலி இடித்ததற்குப் பழிக்குப் பழியாக, புதுச்சேரியைக் கோட்டை, மாளிகை, வீடு என்று தரைமட்டமாக்கினார்கள் ஆங்கிலேயர்கள்.

1763 பாரிஸ் ஒப்பந்தப்படி ஊர் பிரான்ஸுக்குத் திரும்பக் கிடைத்தது. அதைப் பொறுப்பேற்க அனுப்பப்பட்டவர் ழான் லா. 1765 ஏப்ரலில் அவர் வந்து இறங்கியபோது கையில் கிடைத்தது ஊர் இல்லை, கல்லும் மண்ணும்தான். தோற்றுப்போன கவர்னர்களுக்கு என்ன நடக்கும் என்பதும் அவருக்குத் தெரியும். புதுச்சேரியை இழந்த லாலிக்கு 1766 மே மாதம் பாரிஸில் தலை வெட்டப்பட்டது. லாலியும் வெளிநாட்டு வேர் உள்ளவர்தான், அயர்லாந்துக் குடும்பம்.

ஓடிப்போன வணிகர்களும் நெசவாளர்களும் திரும்ப வந்தால்தான் கம்பெனிக்குத் துணி, துணி இருந்தால்தான் வருமானம். பழைய தெரு அமைப்பின் மேலேயே வீடுகள் எழுந்தன. துணைநிலை ஆளுநர் மாளிகையாகப் பின்னர் பயன்பட்ட அரசுக் கட்டடம் உருவானதும் 1760-களின் பிற்பகுதியில்தான். டூரிஸ்டுகள் இன்று செல்ஃபி எடுக்கும் நேர்நேரான தெருக்கள் டூப்ளே காலத்துக் கட்டடங்கள் அப்படியே நிற்கும் தெருக்கள் இல்லை. இடிபாட்டின் மேல் மறுபடி கட்டியவை.

இதற்கிடையே 1769-ல் பிரெஞ்சு அரசு கிழக்கிந்தியக் கம்பெனியின் ஏகபோக உரிமையை நிறுத்தியது. புதுச்சேரி நேரடியாக மன்னரின் கைக்குப் போனது. பெரியப்பா உருவாக்கிய கம்பெனியின் ஆட்சி முடிந்தபோது கவர்னர் நாற்காலியில் இருந்தது தம்பி மகன்.

1777-ல் பதவியை ஒப்படைத்துவிட்டு பிரான்ஸ் திரும்பிய ழான் லா, 1797 ஜூலையில் பாரிஸில் இறந்தார். வங்காள அனுபவங்களைப் பற்றி அவர் எழுதிய நினைவுக் குறிப்பு, 1913-ல் ஆல்பிரட் மார்த்தினோ பதிப்பித்த பிறகுதான் பரவலாகத் தெரிய வந்தது.

புதுச்சேரியில் பிறந்த மார்ஷல்

ழான் கவர்னராக இருந்தபோது, 1768 பிப்ரவரி 1-ல் புதுச்சேரியில் ஒரு மகன் பிறந்தார். பெயர் ஜாக் அலெக்சாந்தர் பெர்னார். அம்மா ஜான் கார்வாலோ, போர்ச்சுகீசியப் பின்னணி கொண்ட குடும்பத்துப் பெண்.

அந்தப் பையன் பிரான்ஸில் பீரங்கிப் படை அதிகாரியாகி, நெப்போலியனின் உதவித் தளபதி ஆனார். 1801-ல் சமாதான ஒப்பந்தச் செய்தியோடு லண்டன் போனபோது, ஜனங்கள் குதிரைகளை அவிழ்த்துவிட்டு அவர் வண்டியைத் தாங்களே இழுத்தார்கள். ஜான் லா கொலைக் குற்றவாளியாகத் தப்பியோடிய அதே லண்டன். 1809 வாக்ரம் போரில் சுமார் 100 பீரங்கிகள் கொண்ட அணியை நடத்தினார். 1812-ல் மாஸ்கோவிலிருந்து ரஷ்யத் தளபதி குதுசோவிடம் சமாதானம் பேசப் போனதும் இவர்தான்.

நெப்போலியன் வீழ்ந்த பின் மன்னராட்சியின் பக்கம் நின்றார். 1817-ல் மார்க்கி பட்டம், 1823-ல் பிரான்ஸின் மார்ஷல். எடின்பரோ கோட்டை வீடு லா குடும்பத்திடமிருந்து கைமாறியதும் அதே 1823-ல்தான். பாரிஸ் வெற்றி வளைவில் லோரிஸ்தோன் பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது. பக்கத்திலேயே லோரிஸ்தோன் தெருவும் இருக்கிறது.

அப்போ, உண்மையிலேயே பிரபுக்களா?

கிளாஸ்கோ பேராயர் ஒருவரின் வழி, தாய் வழியில் ஆர்கைல் பிரபுக்களான கேம்ப்பெல் குடும்பத்தோடு உறவு என்று பழைய வாழ்க்கை வரலாறுகளில் கதைகள் உண்டு. ஆனால் லா என்பதும் கேம்ப்பெல் என்பதும் ஸ்காட்லாந்தில் ஏராளமானோருக்கு இருக்கும் பெயர்கள். பெயர் ஒன்றாக இருப்பதால் மட்டும் வம்சம் ஒன்றாகிவிடாது.

உறுதியாகத் தெரிவது இதுதான்: பொற்கொல்லர் பணம் கொடுத்து நிலம் வாங்கினார். பிரான்ஸில் பிரபுக்கள் பெயரில் வருகிற 'த' சேர்ந்து அந்த நிலத்தின் பெயர் பட்டம் போல ஒலித்தது. மூத்த மகன் அதன் மானத்தைக் கெடுத்தார். பேரன் புதுச்சேரியில் உழைத்து மீட்டார். கொள்ளுப்பேரன் காலத்தில்தான் மார்க்கி பட்டம் முறைப்படி வந்தது.

'லாஸ்' எப்படி வந்தது?

ஆங்கிலேயர் அவ்வப்போது பிடித்தாலும், புதுச்சேரி பிரெஞ்சு ஊர். அங்கே ஆங்கிலப் பாணியில் 'லாவினுடைய பேட்டை' என்று பெயர் வைக்க அவசியமில்லை. இதற்கான குறிப்பு பாரிஸில் இருக்கிறது. பெரியப்பா ஜான் லாவின் பெயரை பிரெஞ்சுக்காரர்கள் 'லாஸ்' என்றே உச்சரித்தார்கள். பிரெஞ்சில் இன்றும் அந்த உச்சரிப்பு உண்டு. லாஸ்பேட்டை என்று தமிழில் சொல்லும்போது அந்தப் பழைய பாரிஸ் உச்சரிப்பு அப்படியே பொருந்துகிறது.

டூப்ளேவுக்குக் கடற்கரையில் சிலை இருக்கிறது. ழான் லாவுக்கு ஒரு பேட்டை. லாரன்ஸின் ஊர் என்ற ஸ்காட்லாந்துப் பெயரோடு வந்தவருடைய பெயரிலேயே இங்கே ஒரு ஊர். அடுத்த முறை லாஸ்பேட்டை ஸ்டாப்பில் இறங்கும்போது, பக்கத்தில் இருப்பவரிடம் இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்க.