பஞ்சத்தில் கஞ்சி வார்த்த முன்சீப்



மாயூரம் வேதநாயகம் பிள்ளையை நம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் அறிந்துகொள்கிறார்கள். தமிழின் முதல் நாவலை எழுதியவர் யார் என்ற ஒரு மதிப்பெண் கேள்வியோடு அவரை மறந்தும் விடுகிறார்கள். அவர் கத்தோலிக்கர் என்பதும், பசித்தவர்களுக்காகத் தம் சொத்தைச் செலவிட்டவர் என்பதும் நம்மில் பலருக்கே தெரியாது. இந்த யூபிலி மலரில் அவரை நினைவுகூர்வது நம் கடமை.

திருச்சிராப்பள்ளிக்கு அருகிலுள்ள குளத்தூரில் 1826-ஆம் ஆண்டு பிறந்த அவர், தரங்கம்பாடி, சீர்காழி, மாயூரம் ஆகிய ஊர்களில் முன்சீப்பாகப் பணிபுரிந்தார். அந்நாளில் உயர்ந்த நீதிமன்றத்தின் தீர்ப்புகள் ஆங்கிலத்தில் இருந்தன. வழக்காடிய ஏழைக் குடியானவனுக்குத் தான் எந்த நியாயத்தால் தோற்றோம் என்பதே விளங்காது. 1805 முதல் 1861 வரையிலான தீர்ப்புகளைத் தமிழாக்கித் தொகுத்து வெளியிட்டார் அவர். பெண்கள் படித்தால் குடும்பம் கெடும் என்று பெரியவர்களே பேசிய காலத்தில், 1869-ல் பெண் கல்வி பற்றி நூல் எழுதினார். ஏழையும் பெண்ணும் இறைவனின் சாயல் என்று கோவிலில் கேட்டதை அவர் கோவிலோடு விட்டுவிடவில்லை.

பிறகு தாது வருடப் பஞ்சம் வந்தது. 1876 முதல் 1878 வரை தென்னிந்தியா பட்ட பாடு சொல்லும் தரமன்று. காவிரிப் பாசனத்தால் தஞ்சைச் சீமை ஓரளவு தப்பியது உண்மை. ஆனால் நெல் விளைந்த ஊரிலும் விலை ஏறிவிட்டால் கூலிக்காரன் வயிறு காயத்தானே செய்யும்? வறண்ட மாவட்டங்களிலிருந்தும் ஜனங்கள் கூட்டங்கூட்டமாக இங்கே வந்தார்கள். அரசாங்கமோ கணக்குப் பார்த்தது. 1877-ல் டெம்பிள் துரை வகுத்த திட்டப்படி, பஞ்ச நிவாரண வேலையில் உழைக்கும் ஆணுக்கு நாள் கூலி ஒரு பவுண்டு தானியத்தின் விலையும் ஓரணாவும். ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோவுக்கும் குறைவு! இது உயிர் தரிக்கப் போதாது என்று சென்னை மாகாணத்தின் சுகாதார அதிகாரி கார்னிஷ் துரையே வாதாடினார்.

எவ்வளவு குறைத்துப் போட்டால் மனிதன் சாகாமல் இருப்பான் என்று ஒரு பக்கம் ஆராய்ச்சி நடந்தபோது, மாயூரத்தில் வேதநாயகம் பிள்ளை கஞ்சித் தொட்டி வைத்தார். உத்தியோகத்திலிருந்து முன்பே விலகியவர். அரசாங்கத்தின் உத்தரவு எதுவும் அவருக்கு இல்லை. சொந்தப் பணம் கஞ்சியாயிற்று.

பசியால் சாகிறவனுக்கு உணவு தராதவன் அவனைக் கொன்றவனே என்ற திருச்சபைத் தந்தையரின் போதனையை இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-ல் மீண்டும் எடுத்துரைத்தது. தொழிலாளர் நிலை குறித்துப் பாப்பரசர் 13-ஆம் சிங்கராயர் நிருபம் வரைந்தது 1891-ல். வேதநாயகம் பிள்ளை 1889-லேயே கண்மூடிவிட்டார். இவை ஒன்றையும் படிக்க அவருக்கு வாய்க்கவில்லை. ஞானோபதேசத்தில் படித்த இரக்கச் செயல்கள் அவருக்குப் போதுமாயிருந்தன.

அந்தக் கஞ்சித் தொட்டியைப் பார்த்தவர்களில் ஒருவர் கோபாலகிருஷ்ண பாரதியார். நந்தனார் சரித்திரம் பாடிய சிவபக்தர். கிறிஸ்தவரான முன்சீப்பைப் போற்றி அவரே ஒரு கீர்த்தனை பாடினார்.