காலத்தை அளந்து கொடுத்த வணிகர்: டி.வி. சுந்தரம் ஐயங்கார்

பொருளீட்டல் இல்லறத்தார்க்கு விலக்கப்பட்டதன்று. அப்பொருள் எந்நெறியில் வந்தது என்பதே அறத்தின்முன் எழும் வினா. அருகன் நெறி சிராவகர்க்கு வகுத்த அணுவிரதங்களுள் கள்ளாமை ஒன்று. பிறர் வீட்டில் புகுந்து திருடாதிருந்தால் அவ்விரதம் நிறைவேறிவிட்டது என்று எண்ணுவோர் உளர். களவுக்குத் துணைபோதல், களவுப் பொருளைக் கொள்ளுதல், நாட்டின் சட்டத்தைக் கடந்து வாணிகம் செய்தல், கொள்ளும்போது மிகுத்தும் கொடுக்கும்போது குறைத்தும் அளத்தல், நல்லதுபோல் காட்டிப் போலியை விற்றல் என்னும் ஐந்தையும் அவ்விரதத்திற்கு நேரும் குற்றங்களாகத் தத்துவார்த்த சூத்திரம் எண்ணுகிறது. ஐந்தும் பெரும்பாலும் கடைத்தெருவில் நிகழ்வன. எனவே வணிகனுடைய விரதம் கோயிலில் ஏற்கப்பட்டாலும் கடையிலேயே சோதிக்கப்படுகிறது.

விரதமாக ஏற்காதார் வாழ்விலும் இந்நெறியின் பயனைக் காணலாம். வைணவக் குடியில் தோன்றி, எண்பெருங்குன்றம் சூழ்ந்த மதுரையில் தொழில் வளர்த்து, பழனி மலைத்தொடரின் மேலமைந்த கோடைக்கானலில் வாழ்வை நிறைவு செய்த டி.வி. சுந்தரம் ஐயங்கார் அத்தகையோருள் ஒருவர்.

இளமையும் துணிவும்

திருநெல்வேலிச் சீமையின் திருக்குறுங்குடியில் 1877ஆம் ஆண்டு மார்ச் 22ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தையாரின் விருப்பப்படி வழக்கறிஞர் தொழிலை மேற்கொண்டார். பின்னர் இரயில்வேயிலும், அதன்பின் வங்கி ஒன்றிலும் பணியாற்றினார். மாதந்தோறும் தவறாது ஊதியம் வரும் உத்தியோகம் அக்காலத்தில் பெரும்பேறாகக் கருதப்பட்டது. அதனை விடுத்து 1911இல் தம் பெயரால் நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே பேருந்துத் தொழிலில் இறங்கித் தென்னாட்டு மோட்டார் போக்குவரத்திற்கு அடிகோலினார். மாட்டு வண்டியும் குதிரை வண்டியும் ஓடிய சாலைகளில் மோட்டார் வண்டியை நம்பி முதலிடுவது அன்று எளிய முடிவன்று. பின்னாளில் சதர்ன் ரோடுவேஸ் என்னும் பெயரில் பேருந்துகளும் லாரிகளும் பெருகின.

கால அட்டவணை என்னும் மரக்கால்

நெல் விற்பவனுக்கு மரக்கால் அளவை. துணி விற்பவனுக்கு முழக்கோல் அளவை. பேருந்து நடத்துபவனுக்கு அளவை எது? அவன் விற்பது தூரத்தோடு காலத்தையும் சேர்த்தே. ஆகவே கால அட்டவணையே அவனுடைய மரக்கால். இருக்கைகள் நிரம்பும்வரை வண்டியை நிறுத்திவைப்பது அந்நாளில் பேருந்து உரிமையாளர் பலருடைய வழக்கம். அதில் உரிமையாளர்க்குச் சில அணா மிகுதி. காத்திருக்கும் கூலியாளுக்கோ ஒரு நாள் வேலை போயிற்று. வழக்குமன்றம் செல்வோனுக்கு வாய்தா தவறிற்று. யாரும் இதனைக் களவு என்று பெயரிட்டு அழைக்கவில்லை. ஆயினும் குறைந்த மரக்காலால் அளப்பதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை.

சுந்தரம் ஐயங்காரின் பேருந்துகள் குறித்த நேரத்தில் புறப்பட்டு, குறித்த நேரத்தில் ஊர் சேர்வதற்குப் பெயர்பெற்றன. டி.வி.எஸ். பேருந்தின் வரவைக் கண்டு கடிகாரத்தைத் திருத்திக்கொண்டதாக மதுரைப் பக்கத்து முதியோர் இன்றும் சொல்வர். புறப்படும் வேளையில் இருக்கைகள் வெறுமையாயினும் வண்டி நகரவேண்டும் என்றால், அன்றைய வருவாயில் ஒரு பகுதியை இழக்க உரிமையாளர் ஒருப்பட்டிருக்கவேண்டும். நேர்மை என்பது பல வேளைகளில் இவ்வாறு கண்முன் தெரியும் சிறு நட்டத்தை ஏற்பதாகவே அமைகிறது. அந்நட்டத்தின் ஈடாக வந்த நம்பிக்கையே பிற்கால நிறுவனங்கள் அனைத்திற்கும் முதலாயிற்று.

மலைப்பாதை உணர்த்தும் பாடம்

அவர் தொழில் தொடங்கிய காலமும் கோடைக்கானலுக்கு மோட்டார் வழி திறந்த காலமும் நெருங்கியவை. அதற்கு முன்னர் பெரியகுளம் பக்கத்து அடிவாரத்திலிருந்து நடந்தோ, குதிரையிலோ, ஆட்கள் சுமக்கும் நாற்காலியிலோதான் மலையேறவேண்டும். வத்தலக்குண்டு வழியாக அமைந்த மலைச்சாலை 1916இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. ஏறக்குறைய 7000 அடி உயரத்திற்கு வளைந்தேறும் பாதை அது.

இத்தகைய பாதையில் செல்லும் பயணி தான் வாங்கும் பொருளைச் சோதிக்க இயலாதவன். அரிசியைக் கையிலெடுத்துப் பார்க்கலாம். பொன்னை உரைத்துப் பார்க்கலாம். வண்டியின் பிரேக்கையும் சக்கரத்தையும் அவன் எங்ஙனம் சோதிப்பான்? வாங்குவோன் அறிய இயலாத இடத்தில் விற்போனுடைய மனச்சான்றே தராசாகிறது. வண்டிகளைச் செவ்வனே பேணுதல், முறையான உதிரிப்பாகங்களை வழங்குதல், விற்றபின்னும் பொறுப்பேற்றல் ஆகியவற்றைச் சுந்தரம் ஐயங்காரின் நிறுவனங்கள் தம் அடையாளமாக்கிக்கொண்டன. ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளை இந்தியாவில் மிகுதியாக விற்ற நிறுவனங்களுள் முதலிடம் பெறும் அளவுக்கு அவை வளர்ந்தன.

பற்றாக்குறை என்னும் உரைகல்

இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தது. பற்றாக்குறைக் காலமே வணிகனை உரைத்துப் பார்க்கும் காலம். பதுக்கலும் கள்ளச் சந்தையும் நாடெங்கும் தலைதூக்கிய நாள்கள் அவை. நாட்டின் சட்டத்தைக் கடந்து வாணிகம் செய்தல் என்னும் குற்றம் அன்று திறமையாகப் பாராட்டப்பட்டது. அந்நிலையில் சுந்தரம் ஐயங்காரின் நிறுவனம் கரியைக்கொண்டு வண்டி ஓட்டும் டி.வி.எஸ். வாயுக்கலத்தை உருவாக்கியது. கலத்தினுள் அடுப்புக்கரியை அளவான காற்றில் எரித்து, அதிலிருந்து எழும் வாயுவை எஞ்சினுக்குச் செலுத்துவது அதன் முறை. பெட்ரோல் தரும் வேகம் இதில் இல்லை; தூய்மைப்படுத்தும் வேலையும் மிகுதி. எனினும் போக்குவரத்து நின்றுபோகாமல் காக்க இவ்வழி உதவியது. தேய்ந்த டயர்களைப் புதுப்பிக்கும் தொழிலையும் அவர் தொடங்கினார். குறுக்குவழிக்குச் செல்லும் அறிவையே நேர்வழியில் செலுத்தினால் புதிய தொழில் பிறக்கும் என்பதற்கு இது சான்று.

பொருளும் பற்றும்

சமண இல்லறத்தார் ஏற்கும் மற்றொரு விரதம் பொருள் வரைதல். ஈட்டியதற்கு எல்லை வகுத்து, அதற்குமேல் பற்றை விடுதல் அதன் கருத்து. சுந்தரம் ஐயங்கார் உரிய காலத்தில் ஓய்வுபெற்று, பொறுப்பைத் தம் மைந்தரிடம் ஒப்படைத்தார். தாம் கட்டியெழுப்பியதைத் தம் கண்முன்னே பிறர் நடத்தக் கண்டிருத்தல் எல்லார்க்கும் கைகூடுவதன்று. மைந்தருள் டி.எஸ். சந்தானம் 1954இல் சுந்தரம் பைனான்ஸ் நிறுவனத்தைத் தோற்றுவித்தார். இளமையிலேயே கணவரை இழந்த மகள் சௌந்தரம் மருத்துவம் பயின்று, ஜி. இராமச்சந்திரனோடு இணைந்து 1947இல் சிறுமலை அடிவாரத்தில் காந்திகிராமத்தை நிறுவினார். ஒரு குடும்பத்தின் ஆற்றல் தொழிலாகவும் தொண்டாகவும் இருகிளையாய்ப் படர்ந்தது.

1955ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள் காலை, கோடைக்கானல் இல்லத்தில் தம் எழுபத்தெட்டாம் அகவையில் உறக்கத்திலேயே அவர் உயிர் பிரிந்தது.

1972இல் மதுரையில் பேருந்துகள் அரசுடைமையாகிப் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் அமைந்தது. அவர் முதன்முதலில் தொடங்கிய தொழில் குடும்பத்தின் கையைவிட்டு நீங்கியது. வண்டிகள் போயின, வழித்தடங்கள் போயின, பெயரின்மேல் மக்கள் வைத்த நம்பிக்கை மட்டும் போகவில்லை. முதலென்று கணக்கேட்டில் எழுதப்படுவது ஒருநாள் கைமாறும். அளவில் வழுவாமை, சட்டத்திற்கு அடங்கல், காணாத இடத்திலும் கலப்படமின்மை ஆகியவற்றால் வந்த முதல் கைமாறுவதில்லை. கடை திறக்கும் நம் இளைஞர், அணுவிரதத்தைப் பருவ நாள்களுக்கு மட்டும் உரியதாகக் கருதாது, கல்லாப்பெட்டியைத் திறக்கும் ஒவ்வொரு காலையிலும் நினைவு கொள்வாராக.